சில்லில் தேங்கும் வேகம்: வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில், பிறேக் பிடிக்கும்போது வீணாகும் சக்தியைச் சுழலும் சில்லொன்றில் சேர்த்துவைத்து, அடுத்த கணமே அதை ஓட்டத்துக்குத் திருப்பிக் கொடுத்த பந்தயக் கார்களைப் பற்றி ஒரேயொரு பந்தி எழுதியிருந்தேன். அந்த ஒரு பந்திக்கு மூதூரிலிருந்தும் கிண்ணியாவிலிருந்தும் தம்பலகாமத்திலிருந்தும் திருகோணமலை நகரிலிருந்தும் கடிதங்கள் வந்திருக்கின்றன. நெடுங்காலம் பௌதிகவியல் கற்பித்த எனக்கு இதைவிட மகிழ்ச்சி வேறில்லை. எனவே இம்முறை பக்கங்கள் அனைத்தையும் இந்த ஒரு விடயத்துக்கே தரும்படி ஆசிரியரிடம் கேட்டுப் பெற்றுக்கொண்டேன்.

எங்களுடைய லான்ட்மாஸ்டரிலும் பிளைவீல் இருக்கிறது. எத்தனையோ வருடங்களாக அதைச் சுற்றித்தான் எஞ்சினை இயக்குகிறேன். அந்த இரும்புச் சில்லு ஒரு காரை ஓட்டும் என்று எழுதியிருக்கிறீர்களே, அது எவ்வாறு ஐயா?
(தம்பலகாமத்து விவசாயி ஒருவர்)

விடையின் பாதி உங்கள் கையிலேயே இருக்கிறது, ஐயா. வயலில் வேலை முடிந்து டீசலை நிறுத்திய பிறகும் அந்தச் சில்லு உடனே நின்றுவிடுவதில்லை. சிறிது நேரம் சுற்றித்தான் ஓய்கிறது. எரிபொருள் இல்லாமல் அதைச் சுற்றவைப்பது எது? ஏற்கெனவே அதனுள் சேர்ந்திருக்கும் இயக்கசக்திதான். உங்கள் ஒற்றை உருளை எஞ்சினில் இரண்டு சுற்றுக்கு ஒரு முறைதான் டீசல் எரிந்து ஆடுதண்டைத் தள்ளுகிறது; எஞ்சிய அடிப்புகள் எல்லாவற்றையும் அந்தச் சில்லு தன் சேமிப்பிலிருந்து கடனாகக் கொடுத்து நடத்தி, அடுத்த தள்ளலில் கடனைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறது. பாடநூல்கள் இதைப் பறப்புச் சில்லு என்று அழைக்கின்றன.

பந்தயக் காரின் சில்லும் இதே வேலையைத்தான் செய்கிறது. ஆனால் வழி வேறு. உங்களுடைய சில்லு பாரமானது, மெதுவாகச் சுற்றுவது. பந்தயக் காரிலோ பாரம் எதிரி. சில்லின் திணிவை இரட்டித்தால் சக்தியும் இரட்டிக்கும், அவ்வளவுதான்; சுழலும் வேகத்தை இரட்டித்தால் சக்தி நான்கு மடங்காகும். அதனால் பந்தயப் பொறியியலாளர்கள் பாரத்தைக் குறைத்து, வேகத்தை நிமிடத்துக்கு 40,000 சுற்றுகளுக்கும் 60,000 சுற்றுகளுக்கும் உயர்த்தினார்கள்.

கணக்கிட்டுக் காட்ட முடியுமா? ஒரு கையில் தூக்கக்கூடிய சில்லில் ஒரு காரை ஓட்டும் அளவுக்குச் சக்தி அடங்கும் என்பதை என் மனம் நம்ப மறுக்கிறது.
(திருகோணமலை நகரிலிருந்து உயர்தர வகுப்பு மாணவி ஒருவர்)

நம்ப மறுத்தது நல்லது, மகளே. தாளையும் பேனாவையும் எடுத்துக்கொள்ளுங்கள். 5 கிலோகிராம் திணிவு முழுவதும் விளிம்பில் அமைந்த, 10 சென்ரிமீற்றர் ஆரையுள்ள வளையம் ஒன்றை எண்ணிக்கொள்வோம். இதன் சடத்துவத் திருப்பம், அதாவது திணிவை ஆரையின் வர்க்கத்தால் பெருக்கி வருவது, 0.05 அலகு. நிமிடத்துக்கு 40,000 சுற்றுகள் என்றால் கோண வேகம் செக்கனுக்கு ஏறத்தாழ 4,190 ஆரையன். சடத்துவத் திருப்பத்தின் பாதியைக் கோண வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கினால் ஏறத்தாழ 440 கிலோயூல் கிடைக்கும். இனி, 1,000 கிலோகிராம் காரொன்று மணித்தியாலத்துக்கு 100 கிலோமீற்றர் வேகத்தில் ஓடும்போது அதனிடமுள்ள இயக்கசக்தியைக் கணக்கிடுங்கள்: 386 கிலோயூல். அந்தக் காரின் ஓட்டம் முழுவதும் ஐந்து கிலோ வளையத்துக்குள் அடங்கிவிடுகிறது.

ஆனால் இதே 440 கிலோயூல் சக்தி ஏறத்தாழ 13 மில்லிலீற்றர் பெற்றோலிலும் இருக்கிறது. ஒரு மேசைக்கரண்டி கூட நிறையாது. ஆகவே தொலைதூரம் ஓடுவதற்கான களஞ்சியமாகச் சில்லைக் கருதினால் அது மிகவும் ஏழை. அதன் பெருமை வேறிடத்தில் இருக்கிறது: பிறேக்கில் வீணாகும் சக்தியைப் பெற்றோலாக மாற்றித் தாங்கிக்குள் திருப்பி ஊற்ற எவராலும் முடியாது, சில்லுக்குள் ஊற்ற முடியும்.

இன்னும் ஒரு படி போவோம், ஏனெனில் இந்த விடயத்தின் உயிர் இங்குதான் இருக்கிறது. நம் வளையத்தின் விளிம்பு செக்கனுக்கு 419 மீற்றர் வேகத்தில் ஓடுகிறது. வளியில் ஒலியின் வேகமே 340 மீற்றர் அளவுதான். அந்த வேகத்தில் வளையம் தன்னைத்தானே பிய்த்துக்கொள்ள முயல்கிறது. மெல்லிய வளையமொன்றில் எழும் இழுவைத் தகைப்பு (ஓரலகுப் பரப்பில் தாக்கும் இழுவிசை), பொருளின் அடர்த்தியை விளிம்பு வேகத்தின் வர்க்கத்தால் பெருக்குவதற்குச் சமன். ஆரை அதில் வரவே இல்லை என்பதைக் கவனியுங்கள். உருக்கின் அடர்த்தியை இட்டால் ஏறத்தாழ 1,370 மெகாபஸ்கால் வருகிறது. கட்டடங்களுக்குப் பயன்படும் மெல்லுருக்கு 250 அளவிலேயே நிரந்தரமாக நீளத் தொடங்கிவிடும். காபன் நார்ச் சேர்மானத்தின் அடர்த்தியை இட்டால் வருவது 280 மெகாபஸ்கால் மட்டுமே. அந்தப் பொருளோ நாரின் திசையில் அதைப்போலப் பல மடங்கைத் தாங்கவல்லது. பாரமான பொருள் அதிக சக்தியைச் சேமிக்கும் என்ற நம் உள்ளுணர்வை இந்தக் கணக்கு தலைகீழாக்குகிறது: மிக உயர்ந்த வேகத்தில், இலேசான, உறுதியான பொருளே வெல்கிறது. வளியின் உராய்வு சில்லைச் சூடாக்கி மந்தமாக்காதிருக்க, அதை வெற்றிடம் ஆக்கப்பட்ட பெட்டிக்குள் வைப்பதும் இதே காரணத்தால்தான்.

நான் கராஜ் வைத்திருக்கிறேன். சில்லில் இருந்து சக்தி ரயருக்குப் போவது கியர் வழியாகவா, வயர் வழியாகவா? பற்றரி இருக்கும்போது இது ஏன் தேவைப்பட்டது?
(கிண்ணியாவிலிருந்து ஒரு சகோதரர்)

இரண்டு வழிகளும் முயலப்பட்டன. போர்மியுலா 1 பந்தயத்தில் 2009 ஆம் ஆண்டு முதன்முறையாக, பிறேக் சக்தியை மீட்டுச் சுற்றொன்றுக்கு 400 கிலோயூல் வரை, 60 கிலோவாற்றுக்கு மேற்படாத வலுவில் பயன்படுத்த அனுமதி கிடைத்தது. ஓட்டுநர் பொத்தானை அழுத்தினால் ஏறத்தாழ ஆறரைச் செக்கன்களுக்கு 80 குதிரைவலு கூடுதலாகக் கிடைக்கும். முன்னர் ரெனோ போர்மியுலா 1 அணியில் பணியாற்றிய ஜோன் ஹில்ரன், டக் குரொஸ் ஆகிய இருவரும் தொடங்கிய பிளைபிரிட் நிறுவனம் முழுக்க முழுக்கப் பொறிமுறை வழியைத் தேர்ந்தது. உருக்கு மையத்தின் மேல் காபன் நார் சுற்றிய சிறு சில்லு நிமிடத்துக்கு 60,000 சுற்றுகளுக்கு மேல் சுழலும். கியர் விகிதத்தை இடைவிடாது மாற்றவல்ல செலுத்துகை ஒன்று அதைக் காரின் சில்லுகளோடு இணைக்கும். மொத்தத் தொகுதியின் எடை 25 கிலோகிராம் அளவு. கார் வேகம் குறையும்போது சில்லின் வேகம் கூட வேண்டும், கார் வேகம் கூடும்போது சில்லின் வேகம் குறைய வேண்டும் என்பதால், சாதாரண கியர்ப் பெட்டி இதற்கு உதவாது. உங்களைப் போன்ற கைகாரர்களுக்கு இது உடனே விளங்கும்.

வில்லியம்ஸ் அணியோ மின்வழியைத் தேர்ந்தது. காரின் அச்சில் உள்ள மோட்டார் பிறேக் நேரத்தில் மின்பிறப்பாக்கியாகி மின்சாரத்தைக் கேபிள் வழியே அனுப்பும். அது மற்றொரு மோட்டாரைச் சுழற்றும். அந்த மோட்டாரின் சுழலும் பகுதியே சில்லு. காந்தத் தூளைச் சில்லின் நார்ச் சேர்மானத்துக்குள்ளேயே கலந்துவிட்டமை இதன் நுட்பம். தனியாகக் காந்தக் கட்டிகளைப் பதித்திருந்தால் அந்த வேகத்தில் அவை பிய்ந்து போகும், வெப்பமும் மிகும். யுரேனியம் செறிவூட்டும் மையநீக்கிப் பொறிகளின் துறையிலிருந்து வந்த அறிவு இது.

பற்றரியைப் பற்றிக் கேட்டீர்கள். 2009 இல் உண்மையில் ஓடிய கார்கள் பற்றரியையே நம்பின. ஹங்கேரியில் லூயிஸ் ஹமில்ரன் அத்தகைய காரில் முதல் வெற்றியைப் பெற்றார். வில்லியம்ஸின் சில்லு போர்மியுலா 1 பந்தயத்தில் ஓடவேயில்லை. ஆனாலும், அக்காலப் பற்றரி எடுத்த எடுப்பில் பெருமளவு மின்சாரத்தை விழுங்கவும் உமிழவும் திணறியது. சூடேறி விரைவில் தேய்ந்தது. சில்லுக்கு அந்த நோய் இல்லை. ஆயிரம் முறை ஏற்றி இறக்கினாலும் அதன் கொள்ளளவு குறைவதில்லை. 24 மணித்தியாலப் பந்தயங்களில் இந்தக் குணம் பொன்னானது.

இந்தச் சில்லு எந்தப் பந்தயத்திலாவது வென்றதா, அல்லது ஆய்வுகூடத்தோடு நின்றுவிட்டதா?
(உப்புவெளி வாசகர்)

வென்றது. அதுவும் உலகின் மிகக் கடுமையான பந்தயத்தில் மூன்று ஆண்டுகள் தொடர்ந்து வென்றது. அதற்கு முந்திய கதையிலிருந்தே சொல்கிறேன்.

1990களின் நடுப்பகுதியில் கிறைஸ்லர் நிறுவனம் பேட்ரியட் என்ற பந்தயக் காரை, சுழலி எஞ்சினும் பறப்புச் சில்லும் சேர்ந்து ஓட்டும்படி வடிவமைத்தது. அது பந்தயத்தில் இறங்காமலே கைவிடப்பட்டது. பின்னர் 2010 மே மாதத்தில், ஜேர்மனியின் நியூர்புர்கிரிங் 24 மணித்தியாலப் பந்தயத்துக்கு போர்ஷே நிறுவனம் 911 ஜீரி3 ஆர் ஹைபிரிட் என்ற காரைக் கொண்டுவந்தது. பின்சில்லுகளை 4 லீற்றர் பெற்றோல் எஞ்சின் ஓட்டியது. முன்சில்லுகளை 60 கிலோவாற்று மோட்டார்கள் இரண்டு ஓட்டின. பயணி இருக்கை இருக்க வேண்டிய இடத்தில், ஓட்டுநரின் பக்கத்திலேயே, நிமிடத்துக்கு 40,000 சுற்றுகள் வரை சுழலும் வில்லியம்ஸ் சில்லு அமர்ந்திருந்தது. எரிபொருளை மிச்சம் பிடித்ததால் அந்தக் கார் எரிபொருள் நிரப்ப நிற்க வேண்டிய தடவைகள் குறைந்தன, முன்னிலைக்கும் வந்தது. 22 மணித்தியாலங்களும் 15 நிமிடங்களும் கடந்த நிலையில், முதலாவதாக ஓடிக்கொண்டிருந்தபோதே, அது நின்றுபோனது. பழுதானது பெற்றோல் எஞ்சின். புதிய சில்லு கடைசிவரை தன் கடமையைச் செய்தது. இன்னும் ஒன்றேமுக்கால் மணித்தியாலம் தாக்குப்பிடித்திருந்தால் என்று எண்ணும்போது இன்றும் எனக்கு மனம் கனக்கிறது.

மறு ஆண்டு பிரான்சின் லு மான் 24 மணித்தியாலப் பந்தயத்தில் ஹோப் ரேசிங் அணி பிளைபிரிட் சில்லோடு ஓடியது, பந்தயத்தை முடிக்கவில்லை. 2012 இல் அவுடி நிறுவனம் ஆர்18 இ-ட்ரோன் குவாட்ரோ காரோடு லு மான் வந்தது. பின்னே டீசல் எஞ்சின், முன்னச்சில் மின்மோட்டார், இடையில் நிமிடத்துக்கு 45,000 சுற்றுகள் வரை சுழலும் சில்லு. விதிப்படி, ஒரு பிறேக் இடத்துக்கும் அடுத்ததற்கும் இடையே 500 கிலோயூல் மட்டுமே திருப்பிக் கொடுக்கலாம். முன்னச்சு மோட்டார் மணித்தியாலத்துக்கு 120 கிலோமீற்றருக்கு மேல்தான் தள்ளலாம். 900 கிலோகிராம் கார் 300 கிலோமீற்றர் வேகத்திலிருந்து 100 கிலோமீற்றருக்குக் குறையும்போது 2,700 கிலோயூலுக்கும் மேல் விடுபடுகிறது. அதில் ஐந்திலொரு பங்கைக்கூட மீட்க விதி இடமளிக்கவில்லை. அப்படியிருந்தும் அந்தச் சிறு பங்கு, 13.6 கிலோமீற்றர் நீளமான சுற்றை 378 தடவை ஓடும்போது, ஒவ்வொரு சுற்றிலும் பல தடவை, ஆயிரக்கணக்கில் ஏறி இறங்கியது. அன்ட்ரே லொற்றரர், மார்செல் பாஸ்லர், பெனுவா ட்ரெலுயே ஆகிய மூவரும் மாறிமாறி ஓட்டிய கார் முதலாவதாக வந்தது. லு மான் பந்தயத்தை வென்ற முதல் கலப்புவலு (ஹைபிரிட்) கார் அதுவே. இரண்டாம் இடமும் அதே வகைக் காருக்கே கிடைத்தது. 2013 இலும் 2014 இலும் அவுடி மீண்டும் வென்றது.

சுழலும் பம்பரத்தைச் சாய்த்தால் அது வேறு திசையில் திமிறுகிறது. காருக்குள் இருக்கும் சில்லு வளைவில் காரைக் கவிழ்த்துவிடாதா?
(மூதூர் வாசகர்)

அச்சை நிலைக்குத்தாக வைத்தால், கார் வளைவில் திரும்பும்போது சில்லின் அச்சு திசை மாறுவதேயில்லை. ஆகையால் திமிறலும் இல்லை. கிடையாக வைத்தாலும் பயமில்லை: மேலே கணக்கிட்ட வளையத்தின் கோண உந்தம் ஏறத்தாழ 210 அலகு, கார் செக்கனுக்கு அரை ஆரையன் வீதம் திரும்பினால் எழும் திருப்பம் 105 நியூற்றன் மீற்றர். ஒரு காரைக் கவிழ்க்க ஆயிரக்கணக்கில் வேண்டும்.

அது உடைந்தால் ஓட்டுநரின் கதி என்ன?
(உவர்மலையிலிருந்து ஒரு தாய்)

அம்மா, இளமையில் ஒரு பட்டறையில் சாணைக்கல் ஒன்று சுழலும்போதே பிளந்து, அதன் துண்டு தகரக் கூரையைத் துளைத்துப் போனதை நேரில் கண்டவன் நான். ஆகவே உங்கள் கேள்வியை இலேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன். உருக்குச் சில்லு உடைந்தால் சில பெரிய துண்டுகளாகத் தெறிக்கும். ஒவ்வொன்றும் பீரங்கிக் குண்டுக்கு ஒப்பானது. நார் சுற்றிய சில்லு பெரும்பாலும் இழை இழையாகப் பிரிந்து தூளாகும். அந்தத் தூளும் இழைகளும் பெட்டியின் உட்சுவரில் உரசி வெப்பமாகத் தம் சக்தியை இழக்கும். அதற்காகவே சில்லைச் சுற்றி உறுதியான உறை அமைத்து, முழு வேகத்தில் வேண்டுமென்றே உடைத்துச் சோதித்த பின்னரே காரில் ஏற்றுவார்கள். அந்த உறையின் எடை சில்லின் எடையையே விழுங்கிவிடும் அளவுக்குக் கூடிவிடக்கூடும் என்பதுதான் இந்தத் தொழினுட்பத்தின் உண்மையான பாரம்.

துறைமுகத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவன் நான். எஞ்சினே இல்லாமல் சில்லால் மட்டும் ஓடிய வாகனம் உண்டா?
(திருகோணமலை வாசகர்)

உங்கள் துறைக்கு நெருங்கிய உதாரணமே இருக்கிறது. பிரித்தானியக் கடற்படை நம் துறைமுகத்தில் தளம் வைத்திருந்த பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், அமெரிக்கக் கடற்படை அதிகாரி ஜோன் ஆடம்ஸ் ஹவெல் சில்லால் ஓடும் ரோப்பிடோ ஒன்றை உருவாக்கினார். அதனுள் ஏறத்தாழ 60 கிலோகிராம் சில்லு. ஏவுவதற்கு முன் கப்பலில் உள்ள நீராவிச் சுழலி அதை நிமிடத்துக்கு 10,000 சுற்றுகள் வரை சுழற்றும். பிறகு அந்தச் சேமிப்பு மட்டுமே சுழல்விசிறிகளை ஓட்டும். அழுத்திய வளியால் ஓடிய வைற்ஹெட் ரோப்பிடோவைக் காட்டிக்கொடுத்த நீர்க்குமிழிக் கோடு இதில் இல்லை. சில்லின் சுழற்சியே அதைத் திசை விலகாமல் பிடித்தும் வைத்தது. ஆனால் 400 யார் தூரத்துக்குத்தான் சக்தி போதியதாயிருந்தது. ஐம்பது அளவிலேயே செய்யப்பட்ட இவற்றுள் ஒன்றை, கலிபோர்னியாவின் சான் டியேகோ கடலில், அமெரிக்கக் கடற்படை பழக்கிய டொல்பின்கள் 2013 இல் கண்டுபிடித்தன.

தரையிலும் ஒன்று ஓடியது. சுவிற்சர்லாந்தின் ஏர்லிகோன் நிறுவனம் செய்த கைரோபஸ் 1953 முதல் 1960 வரை இவெர்டோன் நகரில் பயணிகளை ஏற்றிச் சென்றது. ஒன்றரைத் தொன் சில்லு நிமிடத்துக்கு 3,000 சுற்றுகள் சுழன்றது. தரிப்பிடத்தில் மின்கம்பத்தைத் தொட்டுச் சில நிமிடம் ஏற்றினால் 6 கிலோமீற்றர் வரை போகலாம்.

இவ்வளவு நன்றாக இருந்தால், பிறகு ஏன் பந்தயங்களிலிருந்து மறைந்தது?
(நிலாவெளி வாசகர்)

விதியும் பற்றரியும் ஒன்றாக மாறின. லு மான் விதிகள் 2014 முதல் சுற்றொன்றுக்கு 2,000 முதல் 8,000 கிலோயூல் வரை மீட்க இடமளித்தன. சில்லின் வலிமை, சிறிதளவை மிக விரைவாக வாங்கிக் கொடுப்பது. பேரளவைச் சேமிக்கச் சொன்னால் சில்லும் உறையும் பருத்துவிடும். அதே ஆண்டுகளில் இலித்தியம் பற்றரிகள் விரைந்து ஏறி இறங்கக் கற்றுக்கொண்டன. 2016 இல் அவுடியும் சில்லைக் கைவிட்டுப் பற்றரிக்கு மாறியது. வில்லியம்ஸின் சில்லுப் பிரிவு 2014 இலேயே ஜீகேஎன் நிறுவனத்துக்கு விற்கப்பட்டது. அத்தொழினுட்பம் இலண்டன் பஸ்களுக்குச் சென்றது. அந்த இடமாற்றத்தைத் தோல்வி என்று சொல்ல நான் உடன்படமாட்டேன். சில்லுக்கு இருக்கும் பெருங்குறை, அச்சைத் தாங்கும் பெயரிங்குகளின் உராய்வால் சேமிப்பு தானாகவே கரைந்து போவது. இரவு நிறுத்தி வைத்த கார் காலையில் வெறுமையாயிருக்கும். தரிப்பிடத்துக்குத் தரிப்பிடம் நின்று புறப்படும் பஸ்ஸில், பந்தயக் காரில் போலவே, வாங்கிய சக்தி சில செக்கன்களில் செலவாகிவிடுவதால் அந்தக் குறை குறையாகத் தெரிவதில்லை. நகரிலிருந்து நிலாவெளிக்குப் பஸ்ஸில் வரும்போது எத்தனை இடத்தில் பிறேக் பிடிக்கிறார்கள் என்று ஒரு முறை எண்ணிப் பாருங்கள். அத்தனையும் இன்று வெறும் வெப்பமாகத்தான் போகின்றன.

பாடசாலைக் கண்காட்சிக்குச் சில்லால் ஓடும் பந்தயக் கார் செய்ய விரும்புகிறேன். என்ன செய்யலாம், சேர்?
(குச்சவெளியிலிருந்து தரம் 9 மாணவர் ஒருவர்)

முதலில் ஒரு கண்டிப்பு, தம்பி: துளையிடும் மோட்டாரையோ கிரைண்டரையோ கொண்டு எந்தச் சில்லையும் சுழற்றாதீர்கள். உங்களுக்கு வேண்டிய கார் கடையிலேயே இருக்கிறது. தரையில் சில முறை உரசி விட்டால் ஓடும் பொம்மைக் காரின் வயிற்றுக்குள், பற்சில்லுகளால் இணைக்கப்பட்ட குட்டிப் பறப்புச் சில்லொன்றுதான் சுழல்கிறது. பின்னுக்கு இழுத்து விடும் காரை வாங்கிவிடாதீர்கள். அது சுருள்வில்லால் ஓடுவது. உரசிய பின் தூக்கிப் பிடித்தால், சில்லுக் காரின் ரயர்கள் இரைச்சலோடு தொடர்ந்து சுழலும்.

பாடசாலை விறாந்தையில் வெண்கட்டியால் ஒரு தொடக்கக் கோடு இடுங்கள். மூன்று முறை உரசி உடனே ஓடவிட்டு, ஓடிய தூரத்தை அளந்து குறியுங்கள். அடுத்து அதே மூன்று உரசலுக்குப் பின் இரண்டு செக்கன் தூக்கிப் பிடித்திருந்து விடுங்கள். பிறகு நான்கு செக்கன், பிறகு ஆறு. ஒவ்வொன்றையும் ஐந்து முறை செய்து சராசரி எடுங்கள், ஏனெனில் உங்கள் கை ஒவ்வொரு முறையும் ஒரே அளவு வேகத்தில் உரசாது. காத்திருந்த செக்கன்களைக் கிடை அச்சிலும் தூரத்தை நிலைக்குத்து அச்சிலும் இட்டு வரைபு கீறி, பத்திரிகை முகவரிக்கு அனுப்பிவையுங்கள். கோடு நேராக இறங்குகிறதா, வளைந்து இறங்குகிறதா என்பதைப் பார்க்கக் காத்திருக்கிறேன்.